கடைசிப் பீடி எத்தனை மணிக்கு?

கேள்வி:

டாக்டர் ஐயா, எங்களுக்கு ஏற்காட்டுக்கு மேலே ஒரு ஊர். தம்பிக்கு 34 வயது. பதினோரு வருடமாக மனச்சிதைவு நோய். ஒலன்சபின் சாப்பிடுகிறான். உடம்பு நன்றாக இருந்தால் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போவான். நாளைக்கு 30 பீடி குடிப்பான். தீபாவளிக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு, காதில் யாரோ பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க நடந்ததால் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மலை இறங்கியதும் அடிவாரத்து டீக்கடையில் நாலு மணிக்கு ஒரு பீடி குடித்தான். வார்டு வாசலில் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஒன்பதரைக்குக் கதவை உதைக்க ஆரம்பித்தான். "அக்கா, ஒன்னே ஒன்னு வாங்கிக் குடுக்கா" என்று கெஞ்சினான். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கையைக் காலைக் கட்டி ஊசி போட்டதை மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். நான் தினமும் ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

18 நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது எந்நேரமும் தூங்கி வழிந்தான். இங்கே வந்ததும் பழையபடி பீடி. மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்கிறேன். ஆனாலும் ஒரு மாதத்தில் மறுபடி முணுமுணுக்கிறான். மாத்திரை கம்பெனியை மாற்றிவிட்டார்களா? மறுபடி சேர்க்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவன் கத்தியது நோயாலா, பீடி இல்லாததாலா? தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் என்று ஒன்று இருப்பதாக ஒரு நர்ஸ் சொன்னார். அது விஷத்துக்கு விஷம் கொடுப்பது ஆகாதா? அதற்கு ஒரு பீடியையே மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா? பேட்ச் ஒட்டிக்கொண்டால் குளிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. அடிவாரத்து டீக்கடை, நாலு மணி. அன்று ராத்திரி தம்பியைப் பார்த்த டாக்டர் இதைக் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எங்களில் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தூக்கம் எப்படி, குடி உண்டா, வலிப்பு வந்ததுண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பக்கம் நிறையக் கேட்போம். பீடி, சிகரெட் என்ற இடத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

சரி, அந்த நாலு மணியை வைத்துக் கணக்குப் போடுவோம். பீடிக்கு ஆளை அடிமையாக்கும் பொருள் நிக்கோடின். ரத்தத்தில் இருக்கும் நிக்கோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். நாலு மணிக்கு இருந்தது ஆறு மணிக்கு அரை, எட்டு மணிக்குக் கால், பத்து மணிக்கு அரைக்கால். தம்பி கதவை உதைத்தது ஒன்பதரைக்கு. நாளைக்கு 30 என்றால் விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒன்று. அந்த ஐந்தரை மணி நேரத்தில் பத்து பீடியாவது அவருக்கு வராமல் போயிருக்கிறது. அதுவும் பீடி. சிகரெட்டைவிடப் புகையிலை குறைவுதான், ஆனால் இலை காற்றை அவ்வளவாக உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டும். அதனால் உடம்புக்குள் போகும் நிக்கோடினைக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

'ராத்திரி தூங்கும்போது மட்டும் பீடி இல்லாமல் இருக்கிறானே' என்று நீங்கள் கேட்கலாம். தூங்குகிறவருக்கு அது தெரியாது. கண் விழித்ததும்தான் தெரியும். ஒருவர் நிக்கோடினுக்கு எவ்வளவு அடிமை என்று பார்க்க நாங்கள் கேட்கும் முக்கியமான கேள்வியே, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்பதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் கடுமையான அடிமை. உங்கள் தம்பியோ அந்த நாட்களில் தூங்கவே இல்லை, ராத்திரியும் பீடியோடு நடந்திருப்பார்.

நிக்கோடின் கிடைக்காதபோது என்ன ஆகும்? சில மணி நேரத்தில் எரிச்சல், பதற்றம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எதிலும் மனம் நிற்காமல் போவது, தூக்கமின்மை. இரண்டாவது, மூன்றாவது நாள் உச்சத்துக்குப் போகும். முழுக்க அடங்க இரண்டிலிருந்து நாலு வாரம். இதையே மனச்சிதைவு நோய் தீவிரமாகி வந்தவரின் கேஸ் ஷீட்டில் எழுதிப் பாருங்கள், ஒரு சொல் மாறாது. அதனால்தான் குழப்பம். பீடி கிடைக்காததால் யாருக்கும் காதில் குரல் கேட்காது. அது நோய், அதற்குத்தான் சேர்த்தீர்கள். ஆனால் நாலு மணிக்கு டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர் ஒன்பதரைக்குக் கதவை உதைத்தார் என்றால், நடுவில் நோய் மட்டும் அந்த வேகத்தில் முற்றியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பூட்டிய கதவு, தெரியாத முகங்கள், தூக்கமில்லாத உடம்பு, கூடவே பீடி. கடிதத்தை மட்டும் வைத்து எது எத்தனை பங்கு என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. பீடியின் பங்கை மட்டும் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம் என்று சொல்ல முடியும்.

இதில் மற்றவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. பயிற்சியில் இருந்த காலத்தில் நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர். சேர்த்த இரண்டாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். ஹாலோபெரிடால் ஊசி எழுதினேன். மறுநாள் முன்னைவிட அதிகமாக நடந்தார், கால் தரையில் நிற்கவில்லை. இன்னொரு ஊசி எழுதினேன். அந்த ஊசிக்கே கால் நிற்காமல் போகும் பக்கவிளைவு உண்டு, அகதீசியா என்போம். அதுவும் பார்வைக்குக் கொந்தளிப்பு மாதிரியேதான் இருக்கும். ஆக, ஒரு தவிப்புக்கு மருந்து கொடுத்து இன்னொரு தவிப்பை உண்டாக்கிவிட்டேன். கேஸ் ஷீட்டில் 'உதட்டைக் குவித்து விநோதமாக மூச்சு இழுக்கிறார்' என்று நோய்க்குறியாக வேறு எழுதிவைத்தேன். நாலாம் நாள் வார்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர்தான், "சார், அவரு வெரலப் பாருங்க" என்றார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகம் வரை பழுப்பேறியிருந்தன. அவற்றின் நடுவில், மாத்திரைச் சீட்டைக் கிழித்துச் சுருட்டிய ஒரு காகிதக் குழல். அதில் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிவைத்த விநோத மூச்சு அதுதான்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. ஜெனீவாவில் மனநல அவசரப் பிரிவுக்கு வந்த, புகைக்கும் பழக்கமுள்ள 40 மனச்சிதைவு நோயாளிகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். 2011-ல் வெளியானது. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. அதோடு பாதிப் பேருக்கு 21 மி.கி. நிக்கோடின் பேட்ச், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் பேட்ச். யாருக்கு எது என்று ஒட்டுபவருக்கும் தெரியாது, ஒட்டிக்கொள்பவருக்கும் தெரியாது. நாலு மணி நேரம் கழித்துக் கொந்தளிப்பை அளந்தபோது, நிக்கோடின் வைத்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிட 33 சதவீதம் குறைவு. 24 மணி நேரத்தில் 23 சதவீதம் குறைவு. நாற்பதே பேர்தான், அதை மறக்கக் கூடாது. அதில் இன்னொன்றும் தெரிந்தது. அடிமைத்தனம் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் அதிகம், கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைவு. இதை 'கடுமையாகப் புகைப்பவருக்குப் பேட்ச் வேலை செய்யாது' என்று சிலர் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பேட்ச் போதவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். 30 பீடிக்காரருக்கு ஒரு பேட்ச் என்பது பசித்தவருக்குப் பாதி இட்லி.

அதனால் நான் பேட்ச்சோடு நிக்கோடின் சூயிங்கத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பேட்ச் மெதுவாக, நாள் முழுக்கச் சீராகக் கொடுக்கும். ஒட்டிய உடனே எதுவும் தெரியாது, ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகும். ஆகவே தவிப்பு வந்தபின் தேடக் கூடாது, சேர்க்கும்போதே ஒட்டிவிட வேண்டும். இடையில் 'இப்பவே வேணும்' என்று துடிக்கிற நேரத்துக்குச் சூயிங்கம். 2 மி.கி. சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். பேட்ச் எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். மலையிலிருந்து வருகிற நீங்கள், சேர்க்கப்போகும் நாள் தெரிந்ததும் டாக்டரிடம் போனில் கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அஸ்தம்பட்டியில் கடை கடையாக அலைய வேண்டாம்.

சூயிங்கம் என்ற பெயர்தான் வம்பு. வெற்றிலை மெல்லுகிற மாதிரி மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். "இது ஒத்துக்கல சார்" என்று துப்பிவிடுவார்கள். மெதுவாக நாலைந்து மெல்லு மெல்ல வேண்டும். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுரீரென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு மெல்லு. இப்படி அரை மணி நேரம். நிக்கோடின் உடம்பில் ஏறுவது வாயின் உட்தோல் வழியாக. வயிற்றுக்குப் போனது பெரும்பாலும் வீண்.

இங்கேதான் உங்கள் ஃபிளாஸ்க் வருகிறது. வாய் புளிப்பேறியிருந்தால் நிக்கோடின் தோலுக்குள் இறங்காது. காப்பி, பழரசம், சோடா எல்லாம் வாயைப் புளிப்பாக்குபவை. சூயிங்கம் போடுவதற்கு முன் கால் மணி நேரமும், வாயில் இருக்கும்போதும் இவை வேண்டாம். காப்பிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. புகைப்பவர் உடம்பு காப்பியிலுள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்ற சில நாட்களில் அந்த வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதே ஒரு டம்ளர் காப்பி, அவருக்கு இரண்டு டம்ளர் மாதிரி. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. தோட்டத்துக் காப்பியில் வளர்ந்தவரிடம் அதைப் பறிக்கச் சொல்லவில்லை. நாலு நாளைக்குப் பிறகு அளவைப் பாதியாக்கி, மத்தியானத்துக்கு மேல் நிறுத்துங்கள்.

விஷத்துக்கு விஷமா என்று கேட்டீர்கள். ஆளை அடிமையாக்குவது நிக்கோடின். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. அதில் வருகிற தார், கார்பன் மோனாக்சைடு, இன்னும் எத்தனையோ. பேட்ச்சில் இவை எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே நிக்கோடின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியாவின் பட்டியலிலும் 2022-ல் சேர்ந்தது. பேட்ச் இருக்கும்போது ஒரு பீடி குடித்துவிட்டால் மாரடைப்பு வரும் என்று ஒரு பயம் ஊரில் உண்டு. அப்படி எதுவும் இல்லை. அளவு மிஞ்சினால் குமட்டல், தலைசுற்றல், வியர்வை வரும். பேட்ச்சை எடுத்துவிட்டு டாக்டரிடம் சொன்னால் போதும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அடங்காதவர்கள், இதயத்துடிப்பில் கடுமையான கோளாறு உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தம்பிக்கு அப்படி ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி கனவு அதிகமாக வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம்.

இனி, நீங்கள் 'மாத்திரை கம்பெனி மாறிவிட்டதா' என்று கேட்டது. இதை எல்லாவற்றையும்விட நிதானமாகப் படியுங்கள்.

பீடிப் புகை கல்லீரலைத் தூண்டிவிடுகிறது. அங்கே சிஒய்பி1ஏ2 என்று ஒரு நொதி இருக்கிறது, சில மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. புகையிலுள்ள தார் வகைப் பொருட்கள் அந்த நொதியைப் பெருகச் செய்கின்றன. புகைப்பவர் உடம்பிலிருந்து ஒலன்சபின் ஏறக்குறைய 40 சதவீதம் வேகமாக வெளியேறும். இதே நோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின் என்ற மருந்துக்கும் இதே கதை, இன்னும் கடுமையாக. இதைச் செய்வது புகைதான், நிக்கோடின் இல்லை. வார்டில் பீடி நின்றதும், சில நாட்களில் நொதி இறங்கிவிடுகிறது. அதே மாத்திரை, அதே மில்லிகிராம், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகிறது. தூங்கி வழிவது இதனால் இருக்கலாம். வீட்டுக்கு வந்து பீடி ஆரம்பித்ததும் ஓரிரு வாரத்தில் நொதி மறுபடி பெருகி, மருந்து இறங்குகிறது. முணுமுணுப்பு திரும்புகிறது. நீங்கள் மாத்திரையை எண்ணிக் கொடுத்தீர்கள், அவரும் ஒழுங்காக விழுங்கினார், யார் மீதும் தப்பில்லை. வார்டில் புகையில்லாத உடம்புக்குப் பார்த்து வைத்த அளவு, வீட்டில் 30 பீடி குடிக்கும் உடம்புக்குப் போதாமல் போயிருக்கிறது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

அதற்காக நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றுவார். க்ளோசபின் சாப்பிடுகிறவர் திடீரென்று பீடியை நிறுத்தினால் மருந்து ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். முதல் வாரத்திலேயே கால் பங்கு குறைப்பது வழக்கம், முடிந்தால் ரத்தத்தில் அளவும் பார்ப்போம். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பீடியை 30-லிருந்து 20-ஆகக் குறைத்தால் மருந்தளவு மாறுமா என்று பலர் கேட்பார்கள். அவ்வளவாக மாறாது. சிகரெட்டில் பார்த்தவரை, நாளைக்குச் சுமார் பத்து இருந்தாலே நொதி கிட்டத்தட்ட முழுக்கத் தூண்டப்பட்டுவிடுகிறது. முழுக்க நிறுத்துவதும் முழுக்க ஆரம்பிப்பதும்தான் கணக்கை மாற்றும்.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். பேட்ச் தவிப்பைத்தான் அடக்கும், மருந்தளவைச் சரிசெய்யாது. பேட்ச் ஒட்டியதும் 'பீடிப் பிரச்சினை முடிந்தது' என்று நினைத்து மாத்திரையை மறந்துவிடுகிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். வாயில் அடக்குகிற ஹான்ஸ் மாதிரியான புகையிலையும் அப்படியே. சில குடும்பங்கள் புகை வராதே என்று அதை மறைத்துக் கொடுக்கும். தவிப்பு அடங்கும், உண்மைதான். ஆனால் புகை இல்லாததால் மருந்து ஏறத்தான் செய்யும். வாய்ப்புற்று வேறு காத்திருக்கும்.

பீடி மறைத்துக் கொண்டுபோகலாமா? வேண்டாம். மருத்துவமனை வளாகத்தில் புகைப்பது சட்டப்படி தடை, நெருப்பு என்பதே அங்கே ஆபத்து. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. மறைத்து வரும் பீடி நேரத்துக்கு வராது. நாலு மணி நேரம் தவித்து ஒன்று, மறுபடி நாலு மணி நேரத் தவிப்பு. பல வார்டுகளில் பாசத்தினாலேயே நடக்கும் இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிக்காது. 'மாத்திரையைப் போடு, பீடி தரேன்' என்பது. அப்போது பீடி கூலியாகிவிடுகிறது. கொடுக்கிற கை யாருடையதோ அவர்தான் அங்கே டாக்டர். இந்த நோய் உள்ளவர் என்றாலே பீடி குடித்துத்தான் ஆவார் என்று ஒரு நினைப்பு எங்கள் தொழிலிலேயே உண்டு. சென்னையில் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி செய்யும் ஸ்கார்ஃப் அமைப்பினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் ஆண் நோயாளிகளில் புகைப்பவர்கள் 38 சதவீதம்தான். மேல்நாட்டில் சொல்லும் கணக்கைவிட நன்றாகக் குறைவு. நம் ஊரில் நோயாளியின் கையில் காசு இருப்பதும் இல்லாததும், வீட்டார் கண்டிப்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. மூளையின் மீதே எல்லாப் பழியையும் போட முடியாது.

அடுத்த முறை சேர்க்கும்போது, டியூட்டி டாக்டர் எழுத ஆரம்பித்ததும் இதை அப்படியே சொல்லுங்கள்: "சார், தம்பி ஒரு நாளைக்கு 30 பீடி குடிப்பார். எழுந்து இத்தனை நிமிடத்தில் முதல் பீடி குடிப்பார். கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார். ஒலன்சபின் சாப்பிடுகிறார். நிக்கோடின் பேட்ச் வைக்கலாமா? போன தடவை முதல் ராத்திரியே ரொம்பத் தவித்தார்." கடைசிப் பீடியின் நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் ராத்திரி வேறு டாக்டர் வந்தாலும் பார்ப்பார். சிலர் முகம் சுளிப்பார்கள், "பேஷண்ட்டே வயலன்ட்டா இருக்காரு, பீடியப் பத்திப் பேசறீங்களே" என்பார்கள். அப்போது கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஒருமுறை கேளுங்கள். இது சலுகை கேட்பது அல்ல, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் நேரத்தைச் சொல்வது போலத்தான். பேட்ச் வைத்தாலும் ஊசி தேவைப்படலாம். தேவைப்பட்டால் போடட்டும், தடுக்காதீர்கள்.

தம்பியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதவு பூட்டியபின் தெரிவதைவிட, மலை இறங்குமுன் தெரிவது நல்லது. 'அங்கே பீடி கிடையாது, பதிலுக்கு இது தருவார்கள்' என்று பேட்ச்சைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். தோலில் எதையோ ஒட்டுகிறார்கள் என்பதே சந்தேக நினைப்பில் இருப்பவருக்குப் பெரிய பயம். என்னிடம் ஒருவர் அதை உளவு பார்க்கும் சிப் என்று பிய்த்தெறிந்தார். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் சூயிங்கத்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

கட்டிப்போட்ட விஷயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஏன், எவ்வளவு நேரம் என்று எழுதிவைக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது தன் சார்பில் பேச அவர் எழுதி நியமித்தவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தம்பி தெளிவாக இருக்கும் நாளில் உங்களை நியமனப் பிரதிநிதியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பதிவைப் பற்றி நீங்கள் கேட்கலாம், சண்டையாக வேண்டாம், விவரமாக.

வார்டிலிருந்து வரும்போது இரண்டு வழி உண்டு. பீடிக்குத் திரும்புவார் என்றால், டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் அதைச் சொல்லி மாத்திரை அளவையும் அடுத்து வர வேண்டிய தேதியையும் கேளுங்கள். 'விட்டுடுவேன்னு சொல்லியிருக்கான்' என்ற நம்பிக்கையில் மறைக்காதீர்கள். நிஜமாகவே விட நினைத்தால் பேட்ச்சைத் தொடரலாம், 21, 14, 7 என்று இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாக இறக்கலாம். இந்த நோய் இருப்பவர்களால் விடவே முடியாது என்பதும், விட்டால் மனம் இன்னும் கெடும் என்பதும் பழைய பேச்சு. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் சுமார் 8,000 பேரில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். பேட்ச்சோ வேறு நிறுத்தும் மாத்திரையோ கொடுத்ததில் மனநிலை குறிப்பிடும்படி கெட்டுப்போகவில்லை, விட்டவர்களும் இருந்தார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம்.

கடைசியாக, குளியல். தாராளமாகக் குளிக்கலாம், பேட்ச் தண்ணீரில் போகாது. மேல் கையிலோ மார்பிலோ முடியில்லாத, எண்ணெய் தேய்க்காத இடமாகப் பார்த்து ஒட்டிப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். தினமும் புது இடம், ஒட்டியபின் கையைக் கழுவிவிடுங்கள். கழற்றியதை மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள், பழைய பேட்ச்சிலும் நிக்கோடின் மிச்சம் இருக்கும். ஒரே எச்சரிக்கை சூடு. சூட்டில் தோல் வழியாக நிக்கோடின் வேகமாக ஏறும். மார்கழிக் குளிரில் உங்கள் ஊரில் அடுப்பங்கரையில் குளிர்காய உட்காருவார் இல்லையா, பேட்ச் ஒட்டிய தோள் நெருப்புப் பக்கம் இல்லாமல் உட்காரச் சொல்லுங்கள்.